கல்லறை வீட்டுக் கத்தரிக்காய்

திண்டிவனத்தில் ஏரிக்குக் கீழே, வயலாக இருந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றபோது மேட்டுப் பக்கத்து மனைகள் முதலில் போயின. பள்ளத்தில் கிடந்தவை கடைசிவரை கிடந்தன. அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் பாக்கியராஜ் வாங்கி, 1991இல் ஓட்டு வீடு ஒன்று கட்டிக் குடிவந்தார். அவர் கொத்தனார். வீடு கட்டும் வேலையும் செய்வார். ஆனால் ஊர் அவரைக் கல்லறை கட்டுபவராகத்தான் அறிந்திருந்தது. அக்டோபர் பிறந்துவிட்டால், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் பூசித் தர வேண்டும், வெள்ளையடித்துத் தர வேண்டும், சாய்ந்த சிலுவையை நிமிர்த்தித் தர வேண்டும் என்று ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருக்கும்.

அவர் மனைவி சவுரியம்மாள் விக்கிரவாண்டிப் பக்கத்துப் பெண். சிறுமியாக இருந்தபோதே கத்தரித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவள். ஒருநாள் ஆண்கள் மருந்து அடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் விடியற்காலையில் பெண்கள் அதே செடியில் காய் பறிப்பார்கள். இலையைத் தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பறித்துக் கூடையில் போட்டால், மதியத்துக்குள் லாரி ஏறிவிடும். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும் அவள் அந்த வேலைக்குத்தான் போனாள். ஒரு கோடையில் முழங்கை வரை கொப்புளம் போட்டுக் காய்ச்சலில் படுத்தாள். எழுந்ததும் தோட்டத்து வேலையை விட்டாள். அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு ஆயாவாக வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு கடையில் கத்தரிக்காய் வாங்குவதையும் விட்டுவிட்டாள். பாக்கியராஜுக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தார். பிறகு, கிடைத்த பூசணிக்காயைச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

சொந்த மனை வந்ததும் அவள் செய்த முதல் வேலை கத்தரி நாற்று வாங்கி நட்டதுதான். செடி நன்றாகத்தான் வளர்ந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் ஏரி நிரம்பி, கலங்கலில் வழிந்த தண்ணீர் ஓடையில் ஏறி, தெரு முழுக்க நின்றது. வீட்டைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீர் ஒரு மாதம் வற்றவில்லை. செடிகள் நின்ற இடத்திலேயே அழுகின. மறு வருடமும் அப்படியே ஆயிற்று.

அவர்களுக்குச் சகாயசெல்வி என்று ஒரே மகள். அவளுக்கு முன் ஒரு ஆண் குழந்தை பிறந்து, ஒரு வயது முடிவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனது. சவுரியம்மாள் தன் அப்பாவின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தாள், சவுரிராயன். சிறுபிள்ளைகளைப் புதைக்கும் வரிசையில் அதற்குப் பாக்கியராஜே தன் கையால் சின்னதாக ஒரு கல்லறை கட்டினார்.

1993 ஏப்ரலில், கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பங்குச்சாமியார் பூசையில் அறிவித்தார். பழைய பிள்ளைக் கல்லறைகளைப் பிரித்து, மிச்சம் இருக்கும் எலும்புகளைப் பொதுக்குழியில் சேர்த்து, மந்திரித்து மூடுவது என்று முடிவாயிற்று. பிரிக்கும் வேலை பாக்கியராஜிடம் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

“நம்ம புள்ள வரிசைதானே அது?” என்று கேட்டாள் அவள்.

“ஆமா.”

“வேற ஆள உட்டு செய்யச் சொல்லலாமில்ல?”

“வேற ஆளு கண்டபடி இடிப்பான்” என்றார் பாக்கியராஜ்.

அவளும் கூடப் போனாள். குழிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்ததைச் சாமியார் வெள்ளைத் துணியில் வாங்கிக்கொண்டார். செங்கல் மட்டும் முழுசு முழுசாக வந்தது. இடிபாடுகளை வண்டியில் ஏற்றி ஓடைக்கரையில் கொட்டிவிடச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கல் குப்பையில் கிடக்க வேண்டாம் என்று சவுரியம்மாள் சொன்னாள். பாக்கியராஜ் அதைத் தனியாகத் தள்ளுவண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் குழாயடி ஓரமாக அடுக்கி வைத்தார். அதை என்ன செய்வது என்று இருவருமே யோசிக்கவில்லை.

அந்த வருட மழையிலும் வாசலில் தண்ணீர் நின்றது. அவள் நட்ட மிளகாய்ச் செடிகள் ஒரு வாரத்தில் மஞ்சளாகிச் சாய்ந்தன. ஆனால் அடுக்கி வைத்த செங்கல் மேல் ஒரு தக்காளிச் செடி நின்றது. எப்போதோ கொட்டிய சாம்பலும் மண்ணும் கல் இடுக்கில் தங்கி, அதில் எச்சில் தட்டிலிருந்து விழுந்த விதை முளைத்திருந்தது. கீழே தண்ணீர் நிற்க, அது பாட்டுக்குப் பூ விட்டுக்கொண்டிருந்தது. சவுரியம்மாள் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மண்ணை மேலே தூக்கி வைத்துவிட்டால் தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்டாள்.

தண்ணீர் வடிந்ததும் அவர் அந்தக் கல்லாலேயே குழாயடியில் இரண்டடி உயரத்துக்குச் சின்னதாக ஒரு தொட்டி கட்டித் தந்தார். கல்லறை கட்டிய கை ஆனதால் அடியிலும் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டார். வெளியிலிருந்து தண்ணீர் ஏறவில்லை. உள்ளே ஊற்றிய தண்ணீர் போகவும் வழியில்லை. முதலில் நட்டதெல்லாம் நாறிப்போயிற்று. உளியை எடுத்து அடியில் துளை போட்டபின்தான் அது பாத்தியாயிற்று.

அடுத்து மண்ணோடு போராட்டம். வயல் மண்ணை அப்படியே நிரப்பினாள். வெயிலில் அது ஓடு மாதிரி இறுகிப்போனது. அள்ளி வெளியே போட்டுவிட்டு அடியில் தேங்காய் மட்டை, அதன்மேல் கரும்புச் சோகை, மல்லாட்டைத் தொப்பி என்கிற கடலைத் தோல், சாணி, கடைசியாக ஏரி வண்டலும் செம்மண்ணும் கலந்து போட்டாள். சத்துணவுக் கூடத்தில் கழித்துப்போடும் காய்கறித் தோலும் முட்டை ஓடும் தினமும் ஒரு பையில் வீட்டுக்கு வந்தன. எல்லாம் மக்கி ஒரு சாண் கீழே இறங்கும். இறங்க இறங்க நிரப்பினாள். மூன்றாம் வருடம் மண்ணில் கையை விட்டால் மணிக்கட்டு வரை தடையில்லாமல் போயிற்று. பிடி மண்ணை எடுத்தால் அதில் இரண்டு மூன்று மண்புழுவாவது நெளியும்.

பூச்சிக்கு அவள் கடை மருந்து வாங்கவில்லை. அசுவினிப் பூச்சிக்குச் சாம்பல் தூவினாள். வேப்பிலையை ஊறவைத்து அடித்தாள். புளித்த மோர் தெளித்தாள். கத்தரியில் குருத்துப் புழு விழுந்தால் நுனியைக் கிள்ளி நெருப்பில் போடுவாள். அப்படியும் பாதிக் காயில் ஓட்டை இருக்கும். ஓட்டையை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுவாள். முதல் கத்தரிக்காய்க் குழம்பை வைத்த அன்று பாக்கியராஜ் வேலைக்குப் போகவில்லை.

ஒரு பாத்தி போதவில்லை. மேலும் கட்டித்தரச் சொன்னாள். கல் வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அவ்வப்போது பழைய கல்லறைகளைப் பிரிப்பது தொடர்ந்தது. இடிபாட்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று பாக்கியராஜ் சாமியாரிடமே கேட்டார். எடுத்துக்கொள், சிலுவை பதித்த கல்லை மட்டும் இங்கேயே வை என்றார் அவர். அந்தக் கற்களைக் கொண்டு சில வருடங்களில் நான்கு பெரிய பாத்திகள் எழுந்தன. கொல்லைப்பக்கம் புளியமர நிழல் என்பதால் நான்கும் வாசலில் வந்தன. அவருக்குக் கை பழகியது ஆறரை அடிக்கு மூன்றடி. கயிறு பிடித்தால் அந்த அளவில்தான் நிற்கும். நான்கையும் அதே அளவில், சீராக இடைவெளி விட்டு, வரிசையாகக் கட்டினார். பூச்சுக்குச் சுண்ணாம்பும் அடித்தார்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அதற்குக் கல்லறை வீடு என்று பெயர் வந்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் அடையாளம் சொன்னார். சவுரியம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் தண்டுக்கீரையும் வெண்டையும் கொத்தவரையும் மழைக்காலத்திலும் நின்றன.

பக்கத்து மேட்டில் தையல்நாயகி குடும்பம் இருந்தது. தலைமுறையாக அந்தப் பக்கத்தில் பயிர் வைப்பவர்கள். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். பாத்திகளுக்குச் சாணி முழுக்க அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்த வீட்டில் யாரும் சவுரியம்மாளின் காயை வாங்க மாட்டார்கள். முதல் தடவை ஒரு கூறு கத்தரிக்காயோடு போனபோது தையல்நாயகி தயங்கிவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

“தப்பா நெனச்சிக்காத சவுரி. சுடுகாட்டுக் கல்லுன்னு தெரிஞ்ச பொறவு எனுக்கு எறங்காது.”

“அதுல என்னாக்கா இருக்கு. கீரத்தண்டு மாட்டுக்குப் போடலாமா?”

“மாட்டுக்கு என்னா, போடு” என்றாள் தையல்நாயகி.

அன்றுமுதல் கழித்த தண்டும் முற்றிய வெண்டையும் மாட்டுக்குப் போயின. மாட்டின் பாலைத் தையல்நாயகி வீட்டில் குடித்தார்கள். இரு பெண்களும் இதைப் பற்றி ஒரு தடவை பேசிச் சிரித்ததோடு சரி. காயை அவள் கடைசிவரை வாங்கவில்லை. சாணி கொடுப்பதும் ஒரு நாளும் நிற்கவில்லை.

சகாயசெல்வியால் இப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைக் கல்லறை என்றே கூப்பிட்டார்கள். கூடப் படித்தவர்களை வீட்டுக்கு அழைப்பதை அவள் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டாள். தெருவில் நடக்கும்போது வீட்டு வாசலைப் பார்க்காமல் உள்ளே நுழையப் பழகியிருந்தாள். பாத்திகளைக் கொல்லைக்கு மாற்றச் சொல்லிப் பலமுறை கேட்டாள். கொல்லையில் வெயில் விழாது என்று அம்மா சொல்லிவிடுவாள். அம்மா பாத்தியில் குனிந்தபடியே அதைச் சொல்வதுதான் மகளுக்கு அதிகம் எரிச்சலைத் தந்தது.

2004இல் சகாயசெல்விக்கு இருபத்தோரு வயது. டவுனில் டி.டி.பி. சென்டர் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். வானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வண்டியிலிருந்து இறங்கியதும் வாசலிலேயே நின்றுவிட்டார். இது என்ன என்று கேட்டார். காய்கறிப் பாத்தி என்றாள் சவுரியம்மாள். கல் எங்கே வாங்கினீர்கள், பழைய கல் மாதிரி இருக்கிறதே என்று அவர் விடாமல் கேட்க, சவுரியம்மாள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், மரியாதையாகவே பேசிவிட்டுப் போனார்கள். மறு வாரம் கோயில் உபதேசியார் மூலம் பதில் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் நல்ல காரியத்துக்கு நுழைகிற வீட்டு வாசலில் நாலு சமாதி இருப்பதைப் பார்த்தபின் மனசு ஒப்பவில்லை என்று.

சகாயசெல்வி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவின் எதிரில் வந்து நின்றாள்.

“சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கினுதாம்மா இருக்கேன். எங்கூடப் படிச்சது ஒண்ணுகூட இந்த வூட்டுப் படி ஏறல. உனக்குக் கத்தரிக்காதான் முக்கியம். நான் எப்படிப் போனா என்னா.”

  மகள் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சவுரியம்மாள் வேலைக்குப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை சத்துணவுப் பணியாளர் கூட்டத்துக்காக அவள் விழுப்புரம் போக வேண்டியிருந்தது. பொழுது சாய பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டை நெருங்கியபோது வாசல் வெளிச்சமாக, அகலமாகத் தெரிந்தது. நான்கு பாத்திகளும் இல்லை. கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. கற்கள் தள்ளுவண்டியில் ஏற்றப்பட்டிருந்தன. மண் நான்கு குவியலாகச் சரிந்துகிடந்தது. கத்தரிச் செடிகள் வேர் மேலே தெரிய, காயும் பூவுமாகக் கிடந்தன. குழாயடியில் இருந்த சின்னப் பாத்தி மட்டும் புதினாவோடு அப்படியே நின்றது. பாக்கியராஜ் படியில் உட்கார்ந்திருந்தார்.

“கட்டுனதும் நான்தான், இடிச்சதும் நான்தான்” என்றார். “நீ ஒண்ணும் சொல்லாத.”

சவுரியம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

“கட்டுனது நீங்கதான். உள்ள இருக்கிற மண்ணு யாருது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பத்து வருடங்களாக அவள் கூடை கூடையாகக் கொட்டிச் சேர்த்த மண் அது. ஏரி வண்டல் அப்படி இருக்காது, செம்மண் அப்படி இருக்காது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, வீட்டிலிருந்த காலி சிமெண்ட் சாக்குகளை எடுத்துவந்து மண்ணை அள்ள ஆரம்பித்தாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சகாயசெல்வி வேலை முடிந்து வந்தபோதும் அம்மா அள்ளிக்கொண்டுதான் இருந்தாள். அவள் கேட்டது நடந்திருந்தது. ஆனாலும் அவளால் உள்ளே போக முடியவில்லை. எல்லாவற்றையும் இடித்துவிட்டு அந்தச் சின்னதை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். அது இறந்துபோன அவள் அண்ணனின் கல்லறைக் கல் என்றார் பாக்கியராஜ். தனக்கு முன் ஒரு அண்ணன் பிறந்து இறந்தது அவளுக்குத் தெரியும். கல்லறைத் திருநாளன்று பொதுக்குழி அருகே அவன் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவன் கல்லறையின் கல் வீட்டு வாசலில் இருப்பதை மட்டும் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வேண்டுமென்று மறைத்ததல்ல. சொல்லத் தோன்றியதில்லை.

அவள் கைப்பையை உள்ளே வைத்துவிட்டு வந்து, அம்மா அள்ளுவதற்கு வசதியாகச் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.  ஒரு சாக்கு நிரம்பியதும் அடுத்ததை விரித்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சவுரியம்மாள் கணவரோடு பல வாரங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். மண் சாக்குகள் கொல்லைச் சுவரோரம் வரிசையாக நின்றன. மழை வந்ததும் சாக்குகளில் தானாகவே கீரை முளைத்தது. அவள் அதைப் பறித்துக் கடைந்தாள். வீட்டில் மூவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தை மாதம் ஒருநாள் சூளையிலிருந்து ஒரு டிராக்டர் புதுச் செங்கல் வந்து இறங்கியது. பாக்கியராஜ் யாரிடமும் கேட்காமல் சொல்லிவிட்டிருந்தார். கயிறும் கரணையுமாக வாசலில் நின்றுகொண்டு, “எங்க கட்டட்டும்?” என்று கேட்டார்.

“எங்க வேணும்னா கட்டுங்க. ஆறரைக்கு மூணு மட்டும் வேணாம்” என்றாள் சவுரியம்மாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிக்கல். வேறு அளவு கைக்கு வரவில்லை. முதலில் கிணற்று உறை மாதிரி வட்டமாக ஒன்று கட்டினார். பார்க்க அழகாக இருந்தது. நடுவில் களை பிடுங்கக் கை எட்டவில்லை. உள்ளே ஏறி இறங்கினால் மண் மிதிபட்டு இறுகியது. அதைப் பிரித்துவிட்டு, சுற்றுச்சுவரை ஒட்டியே இரண்டடி அகலத்தில், உட்காரும் மேடை போல நீளமாகக் கட்டிக்கொண்டு போனார். வீட்டை மூன்று பக்கம் சுற்றி வந்தது அது. வாசல் காலியாயிற்று. சாக்கு மண் முழுவதும் அதில் கொள்ளவில்லை. மிச்சத்தை அவள் புளியமரத்தடியில் கொட்டி வைத்தாள். அடுத்த ஐப்பசியில் பெய்த பெருமழையில் அந்தத் தெருவே ஒரு மாதம் தண்ணீரில் நின்றது. பாத்தியில் அவரைக் கொடி ஓடிக்கொண்டிருந்தது.

மறு வருடம் கண்டமங்கலத்திலிருந்து அந்தோணி பிரபு என்ற பையன் பெண் பார்க்க வந்தான். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்குத் தினமும் போய்வந்துகொண்டிருந்தான். அவனும் அவன் அப்பாவும் அக்காவும் மட்டும் வந்திருந்தார்கள். தட்டைக் கொண்டுவந்து வைத்த சகாயசெல்வி, யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

“எங்கப்பா கல்லறை கட்றவரு. முன்ன எங்க வாசல்ல அந்தக் கல்லுலதான் பாத்தி இருந்துச்சு. ஒண்ணு இன்னும் இருக்கு, அத இடிக்க மாட்டோம். பின்னால தெரிஞ்சுக்கினு பேசக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

 அந்தோணி பிரபு பாக்கியராஜ் பக்கம் திரும்பினான்.

“எங்கம்மா கல்லறை ஒரு பக்கமா எறங்கிக்கினே போவுதுங்க மாமா. ஆள் வெச்சுப் பூசியும் நிக்கல. நீங்க ஒரு தடவ வந்து பாக்க முடியுமா?”

பாக்கியராஜ் அடுத்த வாரமே போய்ப் பார்த்தார். அஸ்திவாரத்தில் எலி வளை. பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். அந்த வருடமே கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு சவுரியம்மாள் மாதம் இரண்டு முறையாவது ஒரு பெரிய பையில் காயும் கீரையும் கட்டிக்கொண்டு, விழுப்புரம் போய் பஸ் மாறி, கண்டமங்கலத்துக்குப் போவாள். மகளும் மருமகனும் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். சகாயசெல்வி பையை வாங்கிவைப்பாள், சோறு போடுவாள், சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுவாள். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. ஒரு நாள் வீட்டுக்காரம்மா வாசலில் நிறுத்தி, உங்கள் கத்தரிக்காய் வெண்ணெய் மாதிரி வேகிறது, உங்கள் மகள் தவறாமல் கொடுத்துவிடுகிறாள், நாங்கள் கடையில் வாங்குவதையே விட்டுவிட்டோம் என்றார். சவுரியம்மாள் சிரித்துவைத்தாள். மகளிடம் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பிடிக்காது என்றால் கொண்டுவராதே என்று சொல்லியிருக்கலாமே என்று பாக்கியராஜிடம் சொன்னாள். உன்னிடம் அதைச் சொல்ல யாரால் முடியும் என்றார் அவர். அடுத்த முறை இரண்டு பைகளாகக் கட்டினாள். பெரியதை நேராக வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தாள். சின்னதில் கொத்தமல்லியும் புதினாவும் மட்டும் வைத்து மகளிடம் நீட்டினாள். சகாயசெல்வி முகம் சிவந்து வாங்கிக்கொண்டாள். அந்தச் சின்னப் பையை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது புளியமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து சுற்றுச்சுவர் மேல் விழுந்தது. சுவரோடு ஒரு பக்கத்துப் பாத்தியும் போயிற்று. கண்டமங்கலத்தில் மகள் வீட்டு ஓடுகள் பறந்துவிட்டன. சகாயசெல்வி நான்கு வயதுப் பெண் ஆஷ்லினோடு வந்து ஒன்றரை மாதம் தங்கினாள். கரண்ட் இல்லை. மார்க்கெட்டில் காய் இல்லை. மிஞ்சிய பாத்திகளில் கிடைத்ததைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். சகாயசெல்வியும் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பாக்கியராஜுக்கு அப்போது முட்டி போய்விட்டது. குந்தி உட்கார முடியாது. இடிந்த பாத்தியைச் சவுரியம்மாளே கட்டினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கயிறு தளர்ந்திருக்கிறது, கலவை நீர்த்துவிட்டது, அந்தக் கல்லை எடுத்துவிட்டு வை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. பிரித்துக் கட்டச் சொன்னார். முள்ளங்கிக்குச் சுவர் நேராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள்.

2016 மே மாதம் கண்டமங்கலத்தில் ஆஷ்லினுக்குப் புதுநன்மை, முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்கு. விருந்துக்குத் தன் பாத்திக் காய்தான் என்று சவுரியம்மாள் பொங்கல் கழிந்ததுமே முடிவு செய்துவிட்டாள். மகள் வேண்டாமென்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டாள் சகாயசெல்வி. காய் எல்லாம் விருந்துக்கு முன்பே முற்றிவிடாதபடி சவுரியம்மாள் பத்து நாள் விட்டு விட்டு நாற்று நட்டாள். சித்திரை வெயிலுக்குப் பழைய புடவைகளைக் கட்டி நிழல் போட்டாள். காலையும் மாலையும் குடத்தில் ஊற்றினாள். விருந்துக்கு முந்தின நாள் இரண்டு கோணி நிறையக் கத்தரிக்காயும், ஒரு கூடை வெண்டையும், சுருட்டிய புடலங்காயும் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறின.

அங்கே போய்ப் பார்த்தால் சமையல்காரர் நடராசன் ஏற்கெனவே மார்க்கெட்டிலிருந்து கத்தரிக்காய் இறக்கியிருந்தார். வருகிற ஆட்களுக்கு இந்தக் காய் பாதிக்குக்கூடக் காணாது என்றார். இதைத் தனியாகச் சமைக்க முடியுமா என்று சவுரியம்மாள் கேட்டாள். மருந்தடித்த காயும் இதுவும் ஒரே அண்டாவில் போனால் இத்தனை மாதப் பாடும் எதற்கு என்று அவளுக்கு இருந்தது. நடராசன் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“ரெண்டு அண்டா வெக்க அடுப்பு இல்லம்மா. எந்தப் பந்திக்கு எத ஊத்துறதுன்னு பேஜாரா பூடும். எல்லாம் ஒண்ணாத்தான் வேவும்.”

அவள் விருந்துக்கூடத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் அரிந்துகொண்டிருந்தார்கள். அந்தோணி பிரபுவின் அக்கா ஒரு கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்து, இதில் ஓட்டை இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாள். அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்த சகாயசெல்வி நிமிரவில்லை.

“கடையில வாங்கல அண்ணி. எங்கம்மா வெளைய வெச்சது. புழு ஒரு வாய் துன்னுட்டுப் போயிருக்கும், அத மட்டும் அரிஞ்சு போட்டுருங்க.”

சவுரியம்மாள் உள்ளே வந்து ஒரு அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு குவியலும் ஒன்றாகக் கலந்து அண்டாவுக்குப் போயின. மறுநாள் பூசை முடிந்து பந்தி நடந்தது. எது யாருடைய காய் என்று அவளுக்கே தெரியவில்லை. பாக்கியராஜ் இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கினார். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகச் சொல்லி மகள் வற்புறுத்தினாள். வெயில் காய்கிறது, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று சவுரியம்மாள் மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பாக்கியராஜ் மட்டும் இருந்துவிட்டு வியாழக்கிழமை வந்தார்.